எந்த நாளிலும் ராக்கெட் விடலாம்! கம்ப்யூட்டரில் பாதை போட்ட கே. சிவன்

திருத்தணியில் எங்கள் தெருவில் சமீபத்தில் ஒரு வீட்டிற்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. தவணையில் வாங்கியது. பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "சார், பிள்ளை படிக்கட்டும்னு வாங்கிப் போட்டேன். அவன் பொழுதன்னைக்கும் பிளேன் ஓட்டுறான், ராக்கெட் விடுறான். இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்றார்.

நியாயமான கேள்விதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல பெற்றோர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவரிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ராக்கெட் விடுவதையே வேலையாகச் செய்து, கடைசியில் இஸ்ரோவின் தலைவராகவே ஆனவர் ஒருவர் இருக்கிறார். அவரும் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர்தான். பெயர் கே. சிவன்.

எங்கள் ஊருக்கும் ராக்கெட்டுக்கும் கொஞ்சம் நெருக்கம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 90 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்து, இரவு நேரத்தில் ஏவினால், மாடியில் நின்றே அந்த ஆரஞ்சு நிற வெளிச்சம் எழுவதைப் பார்க்கலாம். ஆனால் நாம் பார்ப்பது அந்த ராக்கெட்டின் முதல் பயணம் இல்லை. அதற்கு முன்பே அது கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான முறை பறந்திருக்கும்!

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

சிவன் பிறந்தது 1957 ஏப்ரல் 14. நாகர்கோவில் அருகே சரக்கல்விளை கிராமம். அப்பா கைலாசவடிவு விவசாயி. மாம்பழ சீசனில் அப்பாவுடன் தோப்பு வேலைக்குப் போனதை சிவன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்லூரி சேரும்வரை காலில் செருப்பு கிடையாது. கல்லூரியிலும் வேட்டிதான். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று அப்பா முடிவு செய்ததற்கு ஒரே காரணம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் வயல் வேலைக்கு வர வேண்டுமே!

அவருக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை. அப்பாவுக்கு வசதி இல்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் அடம் பிடித்தும் அப்பா அசையவில்லை. நாகர்கோவில் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். 1977-ல் முடித்தார். அப்போது அப்பா தாமாகவே, ஒருமுறை உன்னைத் தடுத்துவிட்டேன், இனி தடுக்கமாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்ற பொருளில் சொன்னாராம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். அப்துல் கலாம் படித்த அதே கல்லூரி. பேண்ட் போட்டது அங்கேதான் முதல் தடவை.

1980-ல் பட்டம் வாங்கியாகிவிட்டது. வேலை? விமானத் துறையில் அப்போது வேலை தரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிடைக்கவில்லை. எனவே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.இ. படித்தார். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். அங்கேயும் இதே கதை. செயற்கைக்கோள் மையத்துக்குப் போக ஆசைப்பட்டார், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம் கிடைத்தது. அங்கே ஏரோடைனமிக்ஸ் பிரிவைக் கேட்டார், பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் போட்டார்கள். வாழ்க்கையில் கேட்டது எதுவும் கிடைத்ததில்லை என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

கிடைத்த இடம் எது தெரியுமா? அப்போது பி.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. அது எந்தப் பாதையில் போக வேண்டும், எந்த நொடியில் எவ்வளவு சாய வேண்டும், வழியில் என்னென்ன தவறலாம் என்பதையெல்லாம் கணக்குப் போட ஆள் தேவை. வேண்டாவெறுப்பாகப் படித்த பி.எஸ்சி. கணிதம் இங்கேதான் கைகொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

சிமுலேஷன் என்றால் என்ன?

சிவனின் பெயர் சொல்லும் சாப்ட்வேர் ஒன்று இஸ்ரோவில் இருக்கிறது. பெயர் 'சிதாரா'. ராக்கெட்டின் பாதையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சாப்ட்வேர். இதன் தலைமை வடிவமைப்பாளர் சிவன். இஸ்ரோவின் ராக்கெட்கள் அனைத்தின் பாதைக் கணக்குக்கும் இதுதான் முதுகெலும்பு. ஏவுவதற்கு முன் நிதானமாக உட்கார்ந்து போடும் கணக்கு, ஏவும் நேரத்திலேயே உடனுக்குடன் போடும் கணக்கு, இரண்டுக்கும் பயன்படுகிறது.

இதை '6டி' சிமுலேஷன் என்பார்கள். தியேட்டரில் பார்க்கும் 3டி படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மவுஸைப் பாருங்கள். மேஜைமேல் முன்பின், இடம்வலம் என இரண்டு வகையில்தான் நகரும். கையில் தூக்கினால் மேல்கீழ் என மூன்றாவது சேரும். இனி அதைத் தூக்கிய நிலையிலேயே மூக்கை நிமிர்த்தலாம், பக்கவாட்டில் திருப்பலாம், உருட்டலாம். ஆக ஆறு! ராக்கெட்டுக்கும் இந்த ஆறு அசைவுகள்தான். ஆறையும் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டால்தான் அது எங்கே போகும் என்று தெரியும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்துவிடலாம். எக்செல் திறந்துகொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போட்டுக்கொள்ளலாம்.

முதல் வரியில் நொடி, வேகம், உயரம் என மூன்று தலைப்புகள் டைப் செய்யுங்கள். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். எனவே இரண்டாவது வரியில் 0, 100, 0 என்று கொடுங்கள். மூன்றாவது வரியில்தான் ஃபார்முலா. நொடியின் கீழ், மேலே உள்ள நொடியுடன் 1 கூட்டவும். வேகத்தின் கீழ், மேலே உள்ள வேகத்திலிருந்து 9.8 கழிக்கவும். பூமி இழுப்பதால் ஒவ்வொரு நொடியும் குறையும் வேகம் இது. உயரத்தின் கீழ், மேலே உள்ள உயரத்துடன் மேலே உள்ள வேகத்தைக் கூட்டவும். இனி இந்த மூன்று செல்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சின்னக் கட்டத்தை மவுஸால் பிடித்து 25 வரிகள் கீழே இழுத்து விடுங்கள்.

கல் மேலே போகும், நிற்கும், கீழே வரும்! அதிகபட்ச உயரம் 561 மீட்டர் என்று காட்டும்.

ஆனால் பள்ளிப் பாடத்தில் உள்ள சூத்திரப்படி போட்டால் 510 மீட்டர்தான் வர வேண்டும். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறதா? இல்லை. ஒரு முழு நொடிக்கும் கல் ஒரே வேகத்தில் போகிறது என்று நாம்தான் அதற்குச் சொன்னோம். உண்மையில் அந்த நொடிக்குள்ளேயே வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது ஒரு நொடிக்குப் பதில் பத்தில் ஒரு நொடியாக மாற்றுங்கள். 1-க்குப் பதில் 0.1, 9.8-க்குப் பதில் 0.98, உயரத்துடன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. நூறு வரிகளுக்கு மேல் இழுக்க வேண்டும். விடை சுமார் 515. உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

இதுதான் சிமுலேஷன். காலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடிக்கும் கணக்குப் போடுவது. நம் கல்லுக்கு ஒரே ஒரு விசை. பி.எஸ்.எல்.வி.யோ கிளம்பும்போது சுமார் 320 டன் எடை. எரிபொருள் எரிய எரிய எடை குறையும். மேலே போகப் போகக் காற்று மெலியும். பூமி உருண்டையாக வேறு இருக்கிறது, சுற்றிக்கொண்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து, ஆறு அசைவுகளுக்கும், நொடியின் சிறு பகுதி ஒவ்வொன்றுக்கும் போட வேண்டும்.

வழியில் இலங்கை வேறு இருக்கிறது. தெற்கு நோக்கிப் போக வேண்டிய பி.எஸ்.எல்.வி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பிறகு வளைந்து தெற்கே திரும்பும். சுற்றிப் போவதால் எரிபொருள் வீண். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியதன் காரணம் இதுதான். அங்கிருந்து நேராகவே தெற்கே போகலாம்.

ஒரு எண் நிரம்பி வழிந்தால்...

1993 செப்டம்பர் 20. பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். சிவன் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளம்பியது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் கட்டம் கழன்றபோது ராக்கெட் குலுங்கியது. அதை நேராக்க சாப்ட்வேர் ஒரு கட்டளையைக் கணக்கிட்டது. அந்தக் கட்டளையின் எண் அதற்கென ஒதுக்கிய எல்லையைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். ராக்கெட் நிலை தவறி, செயற்கைக்கோளோடு வங்கக் கடலில் விழுந்தது.

இதை 'ஓவர்ஃப்ளோ' என்பார்கள். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆகிவிடுமே, அதுபோல. இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய நாற்பது நொடிக்குள் சிதறியது. அங்கும் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்ததுதான் காரணம். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்துகொள்கிறீர்கள். இவர்களுக்கு அந்த பட்டன் கிடையாது.

1994 அக்டோபர் 15-ல் இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகச் செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

365 படியும் காற்றும்

திருத்தணி மலைக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும், மொத்தம் 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். சிவனின் இன்னொரு பெரிய வேலையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிகள்தான் நினைவுக்கு வரும்.

ராக்கெட் தரையிலிருந்து கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் தாண்டும் கட்டத்தில்தான் அதற்கு அதிக நெருக்கடி. ஒலியை மிஞ்சிய வேகம், அதோடு மேலடுக்குக் காற்றின் வேகமும் சேரும். அந்த நேரத்தில் காற்று பக்கவாட்டில் ஓங்கி அடித்தால், உடம்பு வளைந்து முறிந்துபோகும் அபாயம் உண்டு. ராக்கெட் தன் மூக்கைக் காற்றின் போக்குக்கு ஏற்பக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் தப்பலாம். எவ்வளவு சாய்ப்பது? அந்த மாதத்தின் சராசரிக் காற்றை வைத்து முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், ஏவும் நாளில் காற்று வேறு மாதிரி அடிக்கும்போது தள்ளிவைக்க வேண்டியதுதான். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைக் காற்றைச் சராசரியில் அடக்க முடியுமா என்ன?

சிவன் கொண்டுவந்த முறை இதை மாற்றியது. ஏவும் நாளிலேயே பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு ஏற்ற சாய்வுக் கணக்கை அன்றைக்கே போடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ராக்கெட்டைப் பறக்கவிட்டுச் சரிபார்க்கிறார்கள். பிறகு அதை ராக்கெட்டில் உள்ள கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். எல்லாம் சில மணி நேரத்துக்குள்! ஆண்டின் எந்த நாளிலும், எந்தப் பருவத்திலும் ஏவலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. இந்தப் பாதைக் கணக்குத் துறையிலேயே இருந்துகொண்டு, 2006-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 49.

சாப்ட்வேருக்குத் தெரியாத கசிவு

2011 ஏப்ரலில் அவரை ஜி.எஸ்.எல்.வி. திட்ட இயக்குநராக்கினார்கள். பதவி உயர்வு என்று வாழ்த்தவும் முடியாது. முந்தைய ஆண்டில் மட்டும் அந்த ராக்கெட் ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு முறை தோற்றிருந்தது. நாமே செய்த கிரையோஜெனிக் இன்ஜின் இன்னும் ஒருமுறைகூட வெற்றி காணவில்லை.

2013 ஆகஸ்ட் 19. எல்லாம் தயார். கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நிறுத்தினார்கள். ராக்கெட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய், அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5-ல் மறுபடி ஏவினார்கள். இந்தியக் கிரையோஜெனிக் இன்ஜின் முதல் தடவையாக வேலை செய்தது. எத்தனை ஆயிரம் சிமுலேஷன் ஓட்டினாலும் ஒரு தொட்டியின் விரிசல் அதில் தெரியாது. கவுன்ட்டவுனை நிறுத்தும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். கணக்குப் போடுபவராக இருந்த சிவன் நிர்வாகியாக மாறியது இந்த ஐந்து மாதத்தில்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தடுத்து வேகமாக உயர்ந்தார். 2014-ல் திரவ எரிபொருள் மையத்தின் இயக்குநர், 2015-ல் விக்ரம் சாராபாய் மையத்தின் இயக்குநர். 2017 பிப்ரவரி 15-ல் ஒரே பி.எஸ்.எல்.வி. 104 செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டது நினைவிருக்கும். ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தையும் சேர்த்தால் 105 பொருட்கள். எது எதோடு மோதும் என்று பார்க்க 5,460 ஜோடிகள்! ஒன்றும் மோதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ல் பறந்த பி.எஸ்.எல்.வி.யில் தலைக்கவசம் கழலாமல் செயற்கைக்கோள் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டுமே அவர் இயக்குநராக இருந்தபோது நடந்தவைதான்.

2018 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார்.

கடைசி 2.1 கிலோமீட்டர்

2019 ஜூலை 15 அதிகாலை. சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். ஊரே விழித்திருந்தது. ஒரே வாரத்தில் பழுதைச் சரிசெய்து ஜூலை 22-ல் ஏவினார்கள்.

செப்டம்பர் 7, அதிகாலை 1.38. விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கத் தொடங்கியது. நிலவுக்கு ஒரு சிக்னல் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதனால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஜாய்ஸ்டிக்கால் இறக்க முடியாது. விக்ரமில் உள்ள சாப்ட்வேர்தான் தானாக இறக்க வேண்டும். 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை எல்லாம் சரி. வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் கணக்கு தவறியது. 2.1 கிலோமீட்டர் உயரத்துக்குப் பிறகு தகவல் இல்லை.

அன்று காலை சிவன் கண்கலங்கியதும், பிரதமர் அவரை அணைத்து ஆறுதல் சொன்னதும் டி.வி.யில் திரும்பத் திரும்ப வந்தன. நாடாளுமன்றத்தில் நவம்பரில் அரசு தந்த பதிலை எத்தனை பேர் படித்தார்கள்? என்னைக் கேட்டால் படிக்க வேண்டியது அதைத்தான். இரண்டாவது கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது, அதனால் அடுத்த கட்டம் தொடங்கும்போது இருந்த நிலை சாப்ட்வேர் எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று அதில் இருந்தது. அடுத்த தலைவர் சோமநாத் 2023-ல் இன்னும் விளக்கினார். இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டி வந்தபோது, இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று சாப்ட்வேர் தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

பாதைக் கணக்கிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் தலைவராக இருக்கும்போது, பாதைக் கணக்கின் எல்லைக்கு வெளியே போய்த் தோல்வி! அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நம்மைப் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு கதை உண்டு. விழுந்த விக்ரம் எங்கே என்று நாசா தன் ஆர்பிட்டர் எடுத்த படங்களை இன்டர்நெட்டில் வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற இன்ஜினியர் அவற்றை டவுன்லோட் செய்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் தன் லேப்டாப்களில் அருகருகே வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். ஒரு இடத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி! நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். எங்கள் ஆர்பிட்டர் லேண்டரை முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று சிவன் சொன்னார். இருக்கட்டும். ஸ்பெஷல் கருவி எதுவும் இல்லாமல், இரவு நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலைக்கு நாம் கைதட்டலாம்.

சிவன் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இந்த முறை இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். கால்கள் இன்னும் உறுதி, எரிபொருளும் கூடுதல். எது எது தவறும் என்று முதலிலேயே பட்டியல் போட்டு, அத்தனைக்கும் சாப்ட்வேரைத் தயார் செய்திருந்தார்கள். அந்த மாதமே இந்தூர் ஐ.ஐ.டி.யின் ஆளுநர் குழுத் தலைவராக சிவன் நியமிக்கப்பட்டார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணனும் அதே குமரி மாவட்டத்துக்காரர்தான்.

எங்கள் தெருப் பையனுக்கு அந்த எக்செல் கணக்கைக் காட்டிக் கொடுத்தேன். 515 வந்ததும், "மீதி 5 மீட்டர் எங்க சார் போச்சு?" என்று கேட்டான். 0.01 நொடியாக நறுக்கச் சொன்னேன். ஆயிரம் வரிக்கு மேல் இழுத்து 510.7-க்குக் கொண்டுவந்துவிட்டான். இப்போது காற்றின் தடையை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறான். அவன் அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.